யாருக்கு விருப்பத்தேர்வு? – ஹாஸ்கெல் மொழியின் தொடரியல் நீட்சிகளை முன்வைத்து

நிரல்மொழிகளின் இலக்கணத்தைப் பற்றி நடக்கும் விவாதங்களில், எதிர்த்துப் பேசுபவரை ஒரே அடியில் வாயடைக்கச் செய்யும் வாசகம் ஒன்று உண்டு. ‘இது கட்டாயமில்லை, விருப்பத்தேர்வுதான்; வேண்டாதவர்கள் பயன்படுத்தாமல் இருந்துவிட்டுப் போகலாமே’ என்பதே அது. கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். எவர்மீதும் எதையும் திணிக்காத குரலாகத் தோன்றும். இதற்குப் பிறகும் ஒருவர் மறுத்துப் பேசினால் அவர் பழமைவாதி, அடுத்தவர் சுதந்திரத்தைப் பொறுக்காதவர் என்று ஆகிவிடும். இந்த வாசகம் பொய் என்பதும், ஹாஸ்கெல் என்னும் அருமையான மொழியின் இலக்கணம் கால் நூற்றாண்டாக இந்தப் பொய்யின் நிழலில்தான் குலைந்துவருகிறது என்பதும் என் தரப்பு.

இதை இலக்கிய வாசகர்களிடம் ஏன் பேச வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நான் கணிப்பொறியியல் படித்தவனல்லன். கல்லூரியில் தொல்காப்பியமும் நன்னூலும் நடத்துகிறவன். புணர்ச்சி விதிகளை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கும் ஆசையில் பல ஆண்டுகளுக்கு முன் இந்த மொழிக்குள் நுழைந்தேன். உள்ளே கண்டது நமக்கு நன்கு பழகிய சண்டை. புதிய வடிவம் ஒன்றை இலக்கணம் ஏற்க வேண்டுமா? ஏற்பதென்றால் யார் முடிவு செய்வது? ஏற்றபின் பழைய வடிவத்தை என்ன செய்வது? மரபு, வழக்கு, வழு, வழுவமைதி என்று நாம் காலங்காலமாகப் பேசிவரும் விஷயங்களே அங்கும் பேசப்படுகின்றன. இயற்கைமொழியில் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நிகழ்வது அங்கே சில மாதங்களில், எழுத்துப்பூர்வமான முன்மொழிவுகளோடும் வாக்குவாதங்களோடும் நம் கண்முன் நடக்கிறது. மொழியில் அக்கறையுள்ள எவரும் பார்க்க வேண்டிய காட்சி அது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஹாஸ்கெல் ஒரு சார்புவழி நிரல்மொழி. பள்ளிக் கணக்கில் சார்பு என்று படித்தோமே, அதே சார்புதான். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விளைவைத் தருவது. ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்ற ஆணைகளின் வரிசையாக இல்லாமல், ‘இது இன்னதற்குச் சமம்’ என்ற சமன்பாடுகளின் தொகுப்பாக நிரலை எழுதுவது இந்த மரபு. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்த கருத்தரங்கில் இத்துறை ஆய்வாளர்கள் கூடினார்கள். ஏறத்தாழ ஒரே சாயலுள்ள மொழிகள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன, எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு குழுவை அமைத்தார்கள். 1990இல் முதல் அறிக்கை வந்தது. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரை மொழிக்கு இட்டார்கள். சிதறலைத் தவிர்ப்பதற்காகவே பிறந்த மொழி இது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1999 பிப்ரவரியில் ‘ஹாஸ்கெல் 98’ என்ற நிலைத்த வரையறை வெளியாயிற்று. 2010இல் அதன் திருத்திய வடிவம் வந்தது. 2020ஐ இலக்காகக் கொண்டு அடுத்த வரையறையை உருவாக்க 2016இல் ஒரு குழு அமைந்தது. அந்த வரையறை வரவேயில்லை. ஆனால் மொழி நின்றுவிடவில்லை. நிரலைப் படித்து இயந்திரம் இயக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர், அதாவது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கப்பட்ட ஜி.எச்.சி., தன் போக்கில் நீட்சிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தது. கோப்பின் தலைப்பில் ஒரு நீட்சியின் பெயரை எழுதினால், அந்தக் கோப்புக்கு மட்டும் இலக்கணம் மாறும். இத்தகைய நீட்சிகள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. எல்லாமே தொடரியல் பற்றியவை அல்ல. கணிசமானவை தரவுவகைகளைப் பற்றியவை. அவற்றின் நியாயங்கள் வேறு. எழுதும் முறையை மட்டும் மாற்றுகிற நீட்சிகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

‘விருப்பத்தேர்வு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யாருடைய விருப்பம்? எழுதுகிறவரின் விருப்பம். ஆனால் நிரல் எழுதப்படுவது ஒரு முறை. வாசிக்கப்படுவது பல முறை. பிழை திருத்த வருபவர், ஐந்தாண்டுக்குப் பின் பணியில் சேர்பவர், பிறர் எழுதிய நூலகத்தைப் பயன்படுத்துபவர், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் மாணவர் ஆகிய அனைவரும் வாசகர்கள். இவர்களில் எவரும் தலைப்பில் அந்த வரியை எழுதியவர் அல்லர். ஆனால் அதன்கீழ் உள்ள ஒவ்வொரு வரியையும் அந்த நீட்சியின் இலக்கணப்படியே படித்தாக வேண்டும். எழுதுபவருக்கு விருப்பமாக இருப்பது வாசிப்பவருக்குக் கட்டாயமாகிறது. பிரதியில் வாசகனின் பங்கைப் பற்றி இலக்கிய உலகம் பேசி ஓய்ந்துவிட்டது. நிரலுலகில் இன்னும் எழுதுகிறவனின் கைவலியைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள்.

எழுதுகிறவரின் சிக்கனத்துக்கு யார் விலை கொடுப்பது என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளிகளை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது நியாயமான காரணம். ஆனால் எது மெய், எது உயிர்மெய், எது எகரம், எது ஏகாரம் என்ற திண்டாட்டம் படித்தவர்களுக்கும் பதிப்பித்தவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தது. எழுதும்போது மிச்சப்படுத்தியதை வாசிக்கும்போது வட்டியோடு கட்டுகிறோம்.

ஹாஸ்கெல்லின் அண்மைக்காலப் பெருஞ்சண்டையும் ஒரு புள்ளியைப் பற்றியதே. இந்த மொழியில் புள்ளி என்பது முதன்மையாக இரண்டு சார்புகளைக் கோத்து மூன்றாவதை உருவாக்கும் குறி. கணிதத்தில் சார்புகளின் சேர்ப்பு என்று சொல்வார்களே, அது. இதே புள்ளி, எந்தத் தொகுதியிலிருந்து ஒரு பெயர் வருகிறது என்று காட்டவும் பயன்படும். ‘எல்லா வகைக்கும்’ என்று பொருள்படும் அளவைக் குறிக்குப் பின்னும் வரும். இரட்டைப் புள்ளியாக வந்தால் ‘இதிலிருந்து அதுவரை’ என்ற வீச்சைக் குறிக்கும். இத்தனை வேலை போதாதென்று, 2021இல் வெளியான ஜி.எச்.சி. 9.2 பதிப்பில் ஒரு நீட்சி சேர்ந்தது. பெயர், வயது, ஊர் என்று பல புலங்கள் கொண்ட ஒரு தகவல்கட்டிலிருந்து ஒரு புலத்தை எடுப்பதற்கும் இனிப் புள்ளியைப் பயன்படுத்தலாம் என்றது அது. பிற மொழிகளில் பழகியவர்களுக்கு இது வசதி.

இதன் விளைவைப் பாருங்கள். இரண்டு பெயர்களுக்கு நடுவே இடைவெளியின்றிப் புள்ளி வைத்து எழுதிய ஒரு தொடர், நீட்சி இல்லாத கோப்பில் சார்புகளின் சேர்ப்பு என்று பொருள்படும். நீட்சி உள்ள கோப்பில் அதே தொடர், அதே எழுத்துகள், புலத்தேர்வு என்று பொருள்படும். புள்ளியின் இருபுறமும் இடம் விட்டால் மீண்டும் சேர்ப்பு. ஆக, ஒரு வரியைப் பிரித்தெடுத்து என்னிடம் காட்டி ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்டால், கோப்பின் தலைப்பைப் பார்க்காமல் என்னால் விடை சொல்ல முடியாது. தலைப்பில் இல்லாமல் திட்டத்தின் பொது அமைப்புக்கோப்பில் அந்த நீட்சியை முடுக்கியிருந்தால், அதையும் தேடிப் படிக்க வேண்டும். இதற்குப் பிறகும் விருப்பத்தேர்வு என்பார்களா?

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்வதே நேர்மை. புலப் பெயர்கள் பற்றிய குறை உண்மையானது. பழைய ஹாஸ்கெல்லில் ஒவ்வொரு புலப் பெயரும் ஒரு சார்பு ஆகிவிடும். எனவே ஒரே தொகுதிக்குள் ‘மாணவர்’ என்ற கட்டுக்கும் ‘ஆசிரியர்’ என்ற கட்டுக்கும் ‘பெயர்’ என்ற ஒரே புலத்தை வைக்க முடியாது. மாணவர்பெயர், ஆசிரியர்பெயர் என்று முன்னொட்டுப் போட்டு நீட்ட வேண்டும். அன்றாடம் நிரலெழுதுபவர்கள் இருபதாண்டுகளுக்கு மேலாக இதைச் சொல்லிப் புலம்பினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தீர்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. என் கேள்வி, தீர்வு எப்படி வந்தது என்பதே. 2016இல் ஒரு தொகுதிக்குள் ஒரே புலப் பெயரை மீண்டும் பயன்படுத்த விடும் நீட்சி, 2017இல் வகைகளின் வழியாகப் புலத்தை எடுக்கும் ஒரு பொறிமுறை, 2021இல் புள்ளி. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே புலப் பெயர்களைச் சுருக்கி எழுதும் வேறு நீட்சிகளும் உண்டு. ஒன்று வந்தபோது முந்தியது விலகவில்லை. எதுவும் இன்றுவரை மொழியின் அதிகாரபூர்வமான ஒரே வழி என்று அறிவிக்கப்படவுமில்லை. நோய் ஒன்று, கஷாயம் நான்கு, நான்கையும் சேர்த்துக் குடிக்கலாம் என்பதே நிலை. ஒவ்வொன்றும் விருப்பத்தேர்வு என்பதால், எது சரியான வழி என்று முடிவெடுக்கும் கடமையிலிருந்து அனைவரும் தப்பித்துக்கொண்டார்கள். விருப்பத்தேர்வு என்ற சொல்லின் உண்மையான பயன் இதுதான்: அது முடிவைத் தள்ளிப்போடும் நாகரிகமான வழி.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒன்றையொன்று சாராத பத்து நீட்சிகளைத் தனித்தனியாக முடுக்கலாம், அணைக்கலாம் என்றால் 1,024 வேறுபட்ட இலக்கணங்கள் கிடைக்கும். இருபது என்றால் பத்து லட்சத்துக்கு மேல். நடைமுறையில் எல்லாச் சேர்க்கைகளையும் எவரும் எழுதப் போவதில்லை. சில நீட்சிகள் வேறு சிலவற்றைத் தாமே அழைத்து வரும் என்பதும் தெரியும். ஆனாலும் ‘நான் ஹாஸ்கெல் எழுதுகிறேன்’ என்று இருவர் சொன்னால், இருவரும் ஒரே மொழியை எழுதுகிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. 1987இல் எந்தச் சிதறலுக்கு அஞ்சி இந்த மொழியை உருவாக்கினார்களோ, அந்தச் சிதறல் இப்போது அதற்குள்ளேயே குடியேறியிருக்கிறது.

‘மொழி வளர வேண்டாமா?’ என்பது அடுத்த கேள்வி. வளர வேண்டும். 1998இல் கய் ஸ்டீல் என்ற அமெரிக்கக் கணிப்பொறியாளர், மொழியை வளர்ப்பது பற்றி ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். ஓரசைச் சொற்களை மட்டும் கொண்டு தொடங்கி, பல அசை கொண்ட எந்தச் சொல்லையும் முதலில் வரையறுத்த பிறகே பயன்படுத்தி உரை முழுவதையும் நடத்திக் காட்டினார். சிறிய மொழியில் பேசுவது எத்தனை கடினம், வளர்ச்சி எத்தனை தேவை என்பதைக் கேட்பவர்கள் அனுபவித்தே உணர்ந்தார்கள். நீட்சிகளுக்கு ஆதரவாக இந்த உரையை மேற்கோள் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் உரையின் போக்கில் வளர்த்தது சொற்களை. ஆங்கிலத்தின் தொடரமைப்பு முதலிலிருந்து கடைசிவரை அப்படியே இருந்தது.

இலக்கணம் கற்பிப்பவனுக்கு இந்த வேறுபாடு அடிப்படையானது. பெயர்ச்சொல் திறந்த வாயில்; நாள்தோறும் புதியது நுழையும். வேற்றுமை உருபு அப்படியன்று. நம் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பெயர்ச்சொற்கள் தமிழுக்கு வந்தன என்று கணக்கிட முடியாது. எத்தனை வேற்றுமை உருபுகள் வந்தன என்றால் ஒன்றுகூட இல்லை. புதுச்சொல் தெரியாவிட்டால் அந்த ஒரு சொல்லே புரியாது. உருபு தெரியாவிட்டால் வாக்கியத்தில் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதே புரியாது. அதனால்தான் சொல்லில் தாராளமும் தொடரில் கஞ்சத்தனமும் மொழிக்கு நல்லது.

சார்புவழி மொழிக்கு இது இருமடங்கு பொருந்தும். பிற மொழிகளில் இலக்கணமாகவே அமைந்துவிட்ட பலவற்றை ஹாஸ்கெல்லில் சாதாரணச் சார்புகளாக எழுதிக்கொள்ளலாம். ‘இந்த நிபந்தனை உண்மையானால் இதைச் செய்’, ‘உண்மையில்லையானால் இதைச் செய்’, ‘முடிவின்றித் திரும்பத் திரும்பச் செய்’ ஆகிய மூன்றுக்கும் இங்கே தனித் தொடரியல் இல்லை. மூன்றும் நூலகத்தில் உள்ள சார்புகள். சார்புகளையே சார்புகளுக்கு உள்ளீடாகத் தரலாம் என்பதும், தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாமல் ஒத்திப்போடும் சோம்பல் மதிப்பீடும் இதைச் சாத்தியமாக்குகின்றன. வளர்ச்சிக்கான வாசலைச் சொல்லின் பக்கமே இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கும் மொழி, கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவது ஏன்?

அப்படியானால் புதிய தொடரியல் எதுவுமே கூடாதா என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை, நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 1996இல் வந்த ஹாஸ்கெல் 1.3 அறிக்கையில் ‘டூ’ என்ற எழுதுமுறை சேர்ந்தது. ஒரு செயலின் விளைவை அடுத்ததற்குக் கொடுத்து, அதன் விளைவை அதற்கடுத்ததற்குக் கொடுத்து நீளும் கோவையை, அதற்கு முன் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சார்புகளாக எழுத வேண்டியிருந்தது. ஐந்தாவது படிக்குள் நுழைந்தவர் முதல் படியை மறந்திருப்பார். ‘டூ’ அதை வரிசையாக எழுத வைத்தது. அதை நீக்கிப் பழைய வடிவுக்கு மாற்றும் விதிகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். எழுதுபவரைவிட வாசிப்பவருக்கே அதிக இலாபம். முக்கியமாக, அது எவர் விருப்பத்துக்கும் விடப்படவில்லை. நேரடியாக மொழிக்குள் வந்தது. எல்லா நூலிலும் உண்டு, எல்லா மாணவரும் கற்றார்கள்.

சிறிய உதாரணமும் சொல்லலாம். நீண்ட எண்களை நாம் காற்புள்ளியிட்டுப் பிரிப்பதுபோல, இலக்கங்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டுப் பிரிக்க உதவும் நீட்சி 2018இல் வந்தது. பத்து லட்சமா கோடியா என்று சுழிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வாசிப்பவர் கண்ணுக்கு உதவி. கற்க ஒரு நொடி போதும். ஏற்கத்தக்கது.

இதே 2018இல் வந்த இன்னொன்றை இதன் அருகே வைத்துப் பாருங்கள். ஒரு சார்புக்கு ‘டூ’ தொகுதியை உள்ளீடாகத் தரும்போது நடுவே டாலர் குறியோ அடைப்புக்குறியோ இட வேண்டும். அந்த நீட்சி அதை விட்டுவிடலாம் என்றது. டாலர் குறி இலக்கணத்தின் பகுதிகூட அன்று. நூலகத்தில் வரையறுத்த சாதாரணச் செயற்குறி. ஒரு சொல் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த வேலைக்காக இலக்கணத்தையே திருத்தியிருக்கிறார்கள். மிச்சம் ஓர் எழுத்து. இதைவிடப் பெரிய தீமை, ஒரு தகவல்கட்டின் எல்லாப் புலங்களையும் இரண்டு புள்ளிகளைக் கொண்டு ஒரேயடியாகப் பெயர்களாகத் திறந்துவிடும் நீட்சி. கீழே பத்தாவது வரியில் ஒரு பெயர் வருகிறது. அது எங்கே பிறந்தது என்று பக்கம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வேறொரு கோப்பில் உள்ள வரையறையைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எழுவாயை அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வாக்கியம் எழுதுவது இது.

இலக்கணம் என்றால் சேர்ப்பது மட்டுமன்று, நீக்குவதும் என்று இந்த மொழியின் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘என் கூட்டல் ஒன்று’ என்று ஒரு சமன்பாட்டின் இடப்பக்கத்தில் எழுதினால், ஐந்து உள்ளே வரும்போது என் நான்கு என்று கொள்ளும் ஒரு வடிவம் ஹாஸ்கெல் 98இல் இருந்தது. கணிதத் தொகுத்தறிமுறையின் சாயல் அதில் உண்டு; பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதே எழுத்து, கூட்டல் என்ற குறியையே புதிதாக வரையறுப்பதாகவும் படிக்க இடம் தந்து குழப்பியது. 2010 அறிக்கை அதை நீக்கியது. அதேபோல, பட்டியல்களுக்கு மட்டும் உரிய ஒரு சுருக்க வடிவத்தை 1997இல் பொதுமைப்படுத்தினார்கள். அதனால் தொடக்கநிலை மாணவர்களுக்கு விளங்காத பிழைச் செய்திகள் வருவதைக் கண்டு, ஹாஸ்கெல் 98இல் மீண்டும் பட்டியலோடு நிறுத்தினார்கள். தேர்ந்தவரின் வசதியா, புதியவரின் தெளிவா என்ற கேள்வியில் புதியவரின் பக்கம் நின்ற முடிவு அது. 2011இல் என்ன நடந்தது? நீக்கிய அதே பொதுமை, விருப்பத்தேர்வு நீட்சியாக ஜி.எச்.சி.க்குள் திரும்ப வந்தது. ‘என் கூட்டல் ஒன்று’ வடிவத்துக்கும் ஒரு நீட்சிப் பெயர் கிடைத்தது. நீட்சிகளின் உலகில் மரணமில்லை.

நன்னூலின் புகழ்பெற்ற ஒரு நூற்பாவைப் புதுமைக்கு ஆதரவாக மேடைதோறும் சொல்வார்கள். காலப்போக்கில் மொழியில் நிகழும் மாற்றம் குற்றமன்று என்பது அதன் கருத்து. ஆனால் பவணந்தியார் அங்கே முதலில் சொல்வது பழையவை விலகுவதை. புதியவை நுழைவது இரண்டாவதாகவே வருகிறது. பாதியை மட்டும் நினைவில் வைத்த இலக்கணம் பரணாகிவிடும்.

இதைவிடக் கவலைதருவது ஒன்றுண்டு. ஒரு காலத்தில் ஹாஸ்கெல்லுக்குப் பல செயலாக்கங்கள் இருந்தன. வகுப்பறைகளில் பெரிதும் பயன்பட்ட ‘ஹக்ஸ்’ அவற்றில் ஒன்று. அதன் கடைசி வெளியீடு 2006இல் வந்தது. நீட்சிகள் பெருகப் பெருக, அத்தனையையும் ஈடுகட்டும் ஆள்பலம் சிறிய முயற்சிகளுக்கு இல்லை. நடைமுறையில் இன்று ஜி.எச்.சி. ஏற்பதே ஹாஸ்கெல். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்ட உ.வே.சா.வின் உழைப்பை அறிந்தவர்களுக்கு ஒற்றைச் சுவடியின் ஆபத்து தெரியும். வேறு சுவடி இல்லையென்றால் ஏடெழுதியவரின் கைப்பிழையும் பாடமாகிவிடும். இங்கே உரையாசிரியர் மூலத்தை விழுங்கிவிட்டார்.

நியாயமாக, நல்ல முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். தேறிய நீட்சிகளைத் தொகுத்து ஒரே பெயரில் தரும் திட்டம் 2021இல் ‘ஜி.எச்.சி. 2021’ என்று வந்தது. 2024இல் அடுத்த தொகுப்பு. எண்களுக்கு நடுவே இடும் அடிக்கோடு முதல் தொகுப்பிலேயே இடம்பெற்றது. 2012இல் வந்த ‘லாம்டா-கேஸ்’ என்ற சிறிய, பயனுள்ள எழுதுமுறை பன்னிரண்டு ஆண்டுகள் திண்ணையில் உட்கார்ந்திருந்து 2024இல் உள்ளே அழைக்கப்பட்டது. வரவேற்கிறேன். ஆனால் பெயரைக் கவனியுங்கள். முன்பு ஹாஸ்கெல் 98, ஹாஸ்கெல் 2010 என்று மொழியின் பெயர் இருந்தது. இப்போது கம்பைலரின் பெயர். மேலும், தொகுப்பில் சேராதவை கழிந்துபோகவில்லை. புள்ளி நீட்சி இரண்டு தொகுப்புகளிலும் இல்லை. ஆயினும் வெளியே உலவுகிறது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் நான் எதிர்ப்பது.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ணை, லை, னை முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்கள் பாடநூல்களில் மாறின. பழைய புத்தகங்களைப் படிக்கும் நாம் இன்றும் இரண்டையும் அறிவோம். அந்தச் சுமை உண்மை. ஆனால் அது ஒரு முறை சுமந்து முடிந்த சுமை. ஆளுக்கொரு வடிவம், பக்கத்தின் தலைப்பில் அறிவித்துவிட்டால் போதும் என்று விட்டிருந்தால் இன்றும் சுமந்துகொண்டிருப்போம்.

‘இதெல்லாம் மேல்தோல் பற்றிய சண்டை, பொருளைப் பற்றிப் பேசுங்கள்’ என்பாரும் உண்டு. ஹாஸ்கெல் குழுவில் இருந்த ஃபிலிப் வாட்லரின் பெயரால் ஒரு கேலி விதி வழங்குகிறது. மொழி வடிவமைப்பில் பொருளுக்குச் செலவிடும் நேரத்தைப் போல இருமடங்கு தொடரியலுக்கும், அதைப்போல இருமடங்கு எழுத்தமைப்புக்கும், அதைப்போல இருமடங்கு குறிப்புரைகளின் எழுத்தமைப்புக்கும் செலவாகும் என்பது அதன் சாரம். சிரிக்கலாம். ஆனால் பொருளியலை ஆய்வாளர்கள் சிலரே தொடுகிறார்கள். எழுத்தமைப்பை எல்லோரும் ஒவ்வொரு நாளும் தொடுகிறார்கள். எல்லோரும் நடக்கும் தெருவைப் பற்றி எல்லோரும் பேசுவது வீண்பேச்சு ஆகாது.

மறுகோடிக்கும் போக வேண்டாம். ஹாஸ்கெல்லின் சாயலில் 2012இல் பிறந்த எல்ம் மொழி, 2016இல் வீச்சு எழுதுமுறையையும் வேறு சிலவற்றையும் நீக்கியது. 2018இல் பயனர்கள் சொந்தமாகச் செயற்குறிகளை உருவாக்கும் வழியையே அடைத்தது. மொழி சிறிதாக, தெளிவாக இருக்கிறது. ஆனால் முடிவுகளின் கடிவாளம் பெரும்பாலும் அதை உருவாக்கியவர் ஒருவரின் கையில் இருந்ததால், இழந்தவர்களின் மனக்கசப்புக்கு மன்றம் இல்லாமல் போயிற்று. ஹாஸ்கெல்லில் முன்மொழிவுகளை எல்லோரும் பார்க்க விவாதித்து முடிவெடுக்கும் வழிகாட்டுக் குழு இருக்கிறது. அது பெரும் செல்வம். கற்பதற்கு இதனால் என்ன இடர் வரும் என்ற கேள்வியும் முன்மொழிவின் படிவத்திலேயே உண்டு. விருப்பத்தேர்வு என்ற விடை அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது என்பதே என் குறை.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. ஒரு சார்பால் செய்யக்கூடியதற்குத் தொடரியல் கேட்டால் மறுக்க வேண்டும். ஏற்கெனவே பொருளுள்ள ஒரு வரியின் பொருளை மாற்றும் எதையும் விருப்பத்தேர்வாக அனுமதிக்கக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒருசேர, முன்னறிவிப்போடு மாற்ற வேண்டும். புதியது ஒன்றை முன்மொழிபவர், அது வந்தால் எது வெளியேறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நீட்சிக்கும் வரும்போதே ஒரு கெடு வைக்க வேண்டும். ஐந்தாண்டு போதும் என்பது என் கணிப்பு. கெடு முடியும்போது அது மொழிக்குள் வர வேண்டும், அல்லது விடைபெற வேண்டும். திண்ணையில் நிரந்தரக் குடியிருப்பு கூடாது.

இவற்றை ஏற்றால் சில நல்ல வசதிகளை இழப்போம். எழுதுகிற கைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை வரும். அந்த இழப்பை ஏற்கச் சொல்லித்தான் கேட்கிறேன். இன்று தொடக்கநூல் ஒன்றை முடித்துவிட்டு, பிறர் எழுதிய நிரலைத் திறக்கும் மாணவர், தலைப்பில் பதினைந்து நீட்சிகளின் பெயர்களைப் பார்த்து, தான் கற்றது வேறு மொழியோ என்று மலைக்கிறார். அந்தப் பதினைந்தில் ஒன்றையும் அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.